ஹோல்டர்லின் இருந்த கோபுரம்

ஜெர்மனியில் இருக்கும் ட்யூபிங்கனுக்கு நான் போனது ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினுக்காக மட்டும்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து நடந்து நெக்கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியதுமே இடது பக்கம் தெரிகிறது, ஆற்றங்கரைச் சுவரை ஒட்டி நிற்கும் மஞ்சள் கோபுரம். பழைய கட்டடம் 1875இல் எரிந்துபோனது. இது அதே இடத்தில் திரும்பக் கட்டியது.

இந்த ஊரில் நடந்து பார்த்தால்தான் ஒன்று புரிகிறது. ஹோல்டர்லின் இளைஞனாக, பின்னாளில் தத்துவவாதிகளான ஹெகலோடும் ஷெல்லிங்கோடும் படித்த இறையியல் விடுதி, 1806இல் மனநலம் கெட்டபோது அவரைக் கொண்டுவந்து சேர்த்த மருத்துவமனை இருந்த கட்டடம், அப்புறம் 36 வருஷம் தங்கிய இந்தக் கோபுரம். மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சில நிமிஷத்தில் நடந்து கடந்துவிட முடிகிறது. எனக்கு அது தாங்கவில்லை.

காதல் நடந்தது வேறு ஊரில். 1796இல் பிராங்க்பர்ட்டில் ஒரு வங்கியாளர் வீட்டுக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் போனவர், அந்த வீட்டுத் தலைவி சுசெட் கோன்டார்ட்டிடம் மனதைக் கொடுத்துவிட்டார். கவிதைகளில் அவளுக்குப் பெயர் தியோத்திமா. 1802இல் அவள் இறந்துபோனாள்.

கோபுரத்துக்கு வருமுன்பே எழுதிய ‘வாழ்வின் பாதி’ என்ற கவிதை மொத்தமே 14 வரி. முதல் பாதியில் மஞ்சள் பேரிக்காயும் காட்டு ரோஜாவுமாக நிலம் ஏரிக்குள் சாய்ந்து தொங்குகிறது, அன்னங்கள் நீரில் தலை முக்குகின்றன. அடுத்த பாதியில், குளிர்காலம் வந்தால் பூக்களுக்கு எங்கே போவேன் என்று கேட்கிறார். சுவர்கள் பேச்சின்றிக் குளிர்ந்து நிற்கின்றன. தனிமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கவிதை வேறொன்றை நான் படித்ததில்லை.

ஆனால் கோபுரத்தில் அவர் தனியாக இல்லை. மிஞ்சிப்போனால் மூன்று வருஷம் உயிரோடு இருப்பார் என்று மருத்துவர்கள் கைவிட்டவரை, 1807இல் எர்ன்ஸ்ட் சிம்மர் என்ற தச்சர் இந்தக் கோபுரம் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். உறவுமில்லை, ஒன்றுமில்லை. ஹோல்டர்லினின் ‘ஹைபீரியன்’ நாவலைப் படித்திருந்தார், பிடித்திருந்தது, அவ்வளவுதான். சிம்மர் 1838இல் இறந்த பிறகு மகள் லோட்டே பார்த்துக்கொண்டாள், 1843 ஜூன் 7இல் கவிஞர் கண்மூடும் வரை.

ஹோல்டர்லினின் நம்பிக்கை என்றால் எல்லோரும் ‘பட்மோஸ்’ கவிதையின் வரியைச் சொல்வார்கள்: ஆபத்து உள்ள இடத்தில் காப்பாற்றுவதும் முளைக்கிறது என்று. எனக்கு 1812இல் சிம்மர் எழுதிய கடிதம்தான் பெரிது. மரத்தில் ஒரு கோயில் செய்து கொடு என்று கேட்டிருக்கிறார் கவிஞர். நான் சோற்றுக்கு உழைக்க வேண்டியவன், உங்களைப்போல நிம்மதியாக உட்கார முடியாது என்றாராம் தச்சர். ‘ஐயோ, நானும் ஏழைதானே’ என்று சொல்லி, கவிஞர் அந்த நிமிஷமே பென்சிலை எடுத்து ஒரு பலகையில் நாலு வரி எழுதிக் கொடுத்தாராம். வாழ்க்கையின் கோடுகள் பாதைகளைப்போல, மலைகளின் எல்லைகளைப்போல வேறுவேறானவை. இங்கே நாம் இருப்பதை அங்கே ஒரு தெய்வம் நிறைவாக்கும், இசைவும் அமைதியும் தந்து.

அந்த நேரத்தில் பைத்தியம் என்று ஊர் சொன்ன மனிதர் அவர். தச்சரின் அலுப்பு அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது.