கேபிள் போகக் கூடாத இடம்

வட கடலில் காற்றாலைத் தூண்களை நடுவதற்கு முன்னால் கடலடி மண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை. கப்பலிலிருந்து ஒலியலைகளைக் கீழே அனுப்புவார்கள். அவை மண் அடுக்குகளில் பட்டுத் திரும்புவது எங்கள் திரையில் கோடு கோடாகத் தெரியும். இதில் அதிகம் தலைவலி கொடுப்பது பீட். சதுப்பில் விழுந்த செடிகொடிகள் முழுதாக மட்காமல் அமுங்கிப்போன கறுப்பு மண் அது. பாரம் தாங்காது, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகப் புதைக்கும் கேபிளின் சூட்டை வெளியே விடாது. போதாததற்கு அதில் உண்டாகும் மீத்தேன் அடியிலுள்ள அடுக்குகளைத் திரையில் மறைத்துவிடும். பீட் தென்பட்டால் சிவப்பு வட்டம் போட்டு ‘தவிர்க்கவும்’ என்று எழுதுவோம்.

அந்த வட்டங்கள் ஒரு காலத்தில் காடும் சதுப்பும் ஆற்றங்கரையும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் பனிப்பாளங்களில் முடங்கியிருந்ததால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்புறம் பனி விலகி வெப்பம் கூடியபோது, பிரிட்டனுக்கும் டென்மார்க், நெதர்லாந்துக்கும் நடுவே கிடந்த சமவெளியில் பிர்ச், பைன், ஹேசல் மரங்கள் வளர்ந்தன. மான் வந்தது, வேட்டையாட மனிதர்களும் வந்தார்கள். 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில் ஏறிய பீட் கட்டியை உடைத்தபோது, மான்கொம்பில் முள்முள்ளாகச் செதுக்கிய ஈட்டிமுனை ஒன்று கிடைத்தது. மீனவர்களுக்கும் பீட் தொல்லைதான். வலையில் வந்தால் தூக்கி எறிவார்கள். 1998இல் பிரையனி கோல்ஸ் என்ற தொல்லியலாளர் இந்த நிலத்துக்கு டாகர்லேண்ட் என்று பெயரிட்டார். பிறகு வின்ஸ் காஃப்னி என்ற தொல்லியலாளரின் குழு, எண்ணெய் தேடுவதற்காக எடுத்த ஒலியலைத் தரவை வாங்கி அதில் ஆறுகளையும் ஏரிகளையும் கண்டுபிடித்தது. எண்ணெய் ஆழத்தில் கிடப்பதால் மேல்பகுதியை அதுவரை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. எங்கள் தொழில் அப்படித்தான்.

கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் மண் மாதிரியை நீளவாக்கில் அறுத்து மேசையில் வைத்தால், திரையில் தெரியாதது தெரியும். அடியில் பனிக்கால மணல். அதன்மேல் மரத்துண்டுகள் கலந்த பீட். கொஞ்சம் மேலே மரம் போய் நாணல் வந்துவிடும். அதற்கும் மேல் சாம்பல் நிறக் களிமண், அதில் உப்புநீர்ச் சிப்பிகள். கடைசியில் கடல்மணல். கடல் ஏறும்போது முதலில் உயர்வது நிலத்தடி நீர்மட்டம். அலை எட்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே காட்டின் வேர்கள் அழுகத் தொடங்கிவிடும். அங்கே இருந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது கடலாக இருந்திருக்காது. வழக்கமாகப் போகும் பாதை சேறாகியிருக்கும், ஹேசல் கொட்டை கிடைக்காமல் போயிருக்கும்.

நார்வே கரையோரம் கடலடிச் சரிவு ஒன்று சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் சுனாமியைக் கிளப்பியது உண்மை. ஆனால் டாகர்லேண்டை அதுதான் ஒரே வீச்சில் விழுங்கியது என்ற கதையை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குள் பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிருந்தது. சில காலங்களில் கடல் நூற்றாண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரிவுள்ள தரையில் அந்த ஒரு மீட்டர் ஏற்றம் கரையை ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளும். தாத்தா கூடாரம் அடித்த இடத்தில் பேரன் மீன் பிடித்திருப்பான்.

இப்போதெல்லாம் மண் மாதிரிகளைத் தொல்லியல் ஆலோசகர்களும் பார்க்கிறார்கள். புதையுண்ட ஆற்றுத்தடங்களின் ஓரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மனிதர்கள் தண்ணீர் ஓரமாகத்தானே தங்குவார்கள். நான் சிவப்பு போட்ட இடங்களில் பாதி அதுதான். கேபிளைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகச் சொன்னால் பொறியாளர்களுக்கும் நிம்மதி, தொல்லியலாளர்களுக்கும் சம்மதம். ஆனால் யாரும் தொடாத இடத்தில் யாரும் தோண்டுவதும் இல்லை. நடுக்கடலில் அகழாய்வு செய்ய ஆகும் செலவுக்குத் திட்டத்தில் காரணம் வேண்டும். ‘தவிர்க்கவும்’ என்று நான் எழுதியதும் அந்தக் காரணம் போய்விடுகிறது.