கறுப்பு மைக்குள் ஒரு தேநீர்க் கடை

மயிலாப்பூரில் எங்கள் தெரு முனையில் விடிவதற்கு முன்பே திறந்துவிடும் தேநீர்க் கடையை மோனோடைப் முறையில் அச்சிட வேண்டும் என்று ஏப்ரல் மாதத்தில் தொடங்கினேன். இந்த எட்டு மாதங்களில் 41 முறை தகட்டில் மை பூசியிருக்கிறேன்; அவற்றில் ஒன்பது அச்சுகளை மட்டும் கோப்பில் வைத்திருக்கிறேன். எங்கே தவறியது, எது கைகொடுத்தது என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

மோனோடைப்பில் மரத்தைச் செதுக்குவதோ, செம்புத் தகட்டை அமிலத்தில் அரிப்பதோ கிடையாது. வழவழப்பான ஒரு தகட்டின் மேல் மையால் வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால், தகட்டிலிருந்த மையில் பெரும்பகுதி காகிதத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு படத்துக்கு ஒரே ஒரு நல்ல அச்சுதான். 17ஆம் நூற்றாண்டில் ஜெனோவா நகரத்து ஓவியர் காஸ்டிலியோனே இதைக் கையாண்டார். 1870களில் பாரிஸில் எட்கர் டெகா இதைத் தன் முக்கியமான ஊடகங்களில் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டார். தகடு முழுவதும் கறுப்பு மையைப் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் துணியாலும் விரலாலும் துடைத்தெடுப்பது அவர் கைக்கொண்ட முறைகளில் ஒன்று. இரவுக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. விடியாத தெருவில் ஒரு டியூப்லைட்டின் கீழே நிற்கும் கடையைப் பார்க்கும்போது, கண்ணும் அதே வேலையைத்தானே செய்கிறது?

முதல் ஆறு முயற்சிகளும் மையினாலேயே கெட்டன. கையில் இருந்த அக்ரிலிக் வண்ணத்தைத் தகட்டில் பூசி, பாய்லரை வரைந்து முடிப்பதற்குள் அது காய்ந்து தோல் கட்டிவிட்டது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சென்னை ஏப்ரலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் மைதான் தீர்வு என்று புரிந்ததும், திருவல்லிக்கேணியில் திருமணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்துக்குப் போய்க் கொஞ்சம் கறுப்பு ஆஃப்செட் மை கேட்டேன். அங்கே பல வருடங்களாக வேலை பார்க்கும் பெரியவர் ஒரு சிறிய டப்பாவில் மையை வழித்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, கண்ணால பாக்காதீங்க, மை தடவுற ரோலர் சத்தத்தக் கேளுங்க. பட்டுப் புடவை உரசுற மாதிரி கேக்கணும். சடசடன்னு ஒட்டிப் பிரிஞ்சா மை அதிகம்" என்றார். கடந்த எட்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் இதுதான். இப்போது 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்ட, ஒளி ஊடுருவும் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டுக்குச் சுண்டைக்காய் அளவு மையே போதுமாக இருக்கிறது. மை மிகக் கெட்டியாக இருந்தால் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறேன். அதற்கு மேல் விட்டால் கோடுகளின் ஓரம் கசிகிறது.

காகிதத்தைப் பற்றியும் நான் தவறாகவே எண்ணியிருந்தேன். தடித்த காகிதம்தான் உயர்ந்தது என்று 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணக் காகிதத்தில் ஆரம்பித்தேன். அழுத்தும் இயந்திரம் இல்லாமல் மரக்கரண்டியின் பின்புறத்தால் தேய்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. அதன் மேடுபள்ளங்களில் மை ஏறவே இல்லை. இப்போது 120 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் எனும் ஓவியத் தாளை முந்தைய இரவே லேசாகத் தண்ணீர் தெளித்து, செய்தித்தாள்களுக்கு இடையில் அடுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிடுகிறேன். காலையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் விரலில் ஒட்டக்கூடாது.

துடைத்தெடுக்கும் வேலைக்கு வந்தபோதுதான் இந்தக் கலை என்னை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. பழைய வேட்டித் துணி, பஞ்சுக்குச்சி, ஈர்க்குச்சி, என் விரல்கள் ஆகியவையே கருவிகள். டியூப்லைட்டை வேட்டித் துணியால் ஒரே இழுப்பில், நடுவில் நிறுத்தாமல் துடைக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுந்து, வெளிச்சம் மூங்கில்கழி போல ஆகிவிடும். பாய்லரின் பித்தளை வயிற்றுக்கு விளிம்பில் ஒரு பிறை போதும். முழு உருளையையும் வரைந்த அச்சுகளில் அது உயிரில்லாத அண்டாவாக நின்றது. ஆவிக்குக் கட்டைவிரலை ஒற்றி ஒற்றி எடுத்தேன். ரேகையின் வரிகள் மையில் பதிந்து, அச்சில் சுருண்டு எழும் புகையாகவே தெரிந்தன. மாஸ்டர் தேநீர் ஆற்றும்போது இரண்டு குவளைகளுக்கு இடையே விழும் அந்த நீண்ட இழையை மட்டும் பதினோரு முறை தவறவிட்டேன். பஞ்சுக்குச்சியில் அது கயிறானது, ஊசியில் கீறலானது. கடைசியில் ஈர்க்குச்சியின் நுனியைப் பல்லால் நசுக்கி, மேலே அழுத்தித் தொடங்கிக் கீழே தளர்த்தி இழுத்தபோதுதான், நுரையோடு விழும் தேநீரின் கனம் அதில் வந்தது.

எதையும் பொருளாக வரையாமல் அதன் மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொள்ள எனக்கு ஜூலை வரை ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்காரரை முகத்தோடு வரைந்த அச்சுகள் எல்லாம் தோற்றன. அவருடைய முழங்கை, கண்ணாடித் தம்ளர், காலடியில் இருந்த பால் டிரேயின் விளிம்பு ஆகிய மூன்றை மட்டும் துடைத்த அச்சில் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகஸ்டில் லஸ் முனைக்கு நகர்ந்தேன். மோனோடைப்பில் இடம் வலமாகும் என்று தெரிந்திருந்ததால், பேருந்தின் நெற்றியில் 29சி என்பதைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதிப் பழகிக்கொண்டேன். தமிழ்ப் பெயர்ப்பலகை இன்னும் கடினம்: ஒற்றைக்கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போக வேண்டும், 'ட' திரும்பி நிற்க வேண்டும். அச்சில் எழுத்துகள் எல்லாம் சரியாக வந்தன. ஆனால் சாலையில் வண்டிகள் அனைத்தும் வலப்பக்கமாக ஓடின. எழுத்தை மட்டும் திருப்பிவிட்டுத் தெருவைத் திருப்ப மறந்திருந்தேன். அன்றிலிருந்து கோட்டோவியத்தை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்துப் பின்புறம் படியெடுத்து, அதைத் தகட்டின் அடியில் வைத்துக்கொள்கிறேன். மை பூசியதும் ஓவியம் மறைந்துவிடும் என்பதால், கண்ணாடி டீப்பாயின் மேல் தகட்டை வைத்துக் கீழிருந்து கைப்பேசியின் டார்ச்சை அடிக்கிறேன். மெல்லிய மைப் படலத்தின் ஊடே கோடுகள் தெரிகின்றன.

முதல் அச்சை எடுத்த பிறகு தகட்டில் எஞ்சும் மையிலிருந்து, மங்கலான இன்னோர் அச்சும் எடுக்கலாம். இந்த இரண்டாம் பதிவை நான் பல வாரங்கள் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். அப்படி வெளிறிய அச்சுகளின் மேல் டெகா பாஸ்டல் எனும் வண்ணக்குச்சியால் தீட்டினார் என்பதையும், 1877ஆம் ஆண்டு கண்காட்சியில் வைக்கப்பட்ட, இரவில் காஃபே வாசலில் அமர்ந்திருக்கும் பெண்களின் படம் மோனோடைப்பின் மேல் பாஸ்டல் பூசியது என்பதையும் படித்த பிறகுதான் எறிவதை நிறுத்தினேன். தேநீர்க் கடையின் இரண்டாம் பதிவு ஒன்றில், பாய்லரின் அடியில் செம்மஞ்சளும் வாழைப்பழத் தாரில் மஞ்சளும் மட்டும் தொட்டேன். மற்றதெல்லாம் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. கோப்பில் உள்ள ஒன்பதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நவம்பர் மழையில் தெரு முழுவதும் பிரதிபலிப்பாகிவிட்டது. பறக்கும் ரயில் பாலத்தின் தூண்கள் தேங்கிய நீரில் நீண்டு கிடந்தன. அந்தக் காட்சியை நான்கு தகடுகளில் முயன்றேன். நீரில் விழும் விளக்கொளியைக் கிடைமட்டமாகத் துடைத்தால் வெறும் சேறாகிறது. மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, காய்ந்த தூரிகையால் குறுக்கே ஒரு முறை மட்டும் வருடினால் தண்ணீராகிறது. அச்சுகள் காயத்தான் ஏழு நாட்களாயின. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தவற்றில் ஒன்றை மூன்றாம் நாளே எடுத்து அடுக்கியதால், அதன் மை மேலே இருந்த தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

நான்காவது தகட்டில் தூண்கள் சரியாக வந்துவிட்டன. நீருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பூக்காரரின் கூடை மட்டும் இன்னும் வரவில்லை. மல்லிகைக் குவியலைப் பஞ்சுக்குச்சியால் புள்ளி புள்ளியாக எடுத்தபோது அது அரிசி போல இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கசக்கிய மல்துணியால் ஒற்றிப் பார்க்கப் போகிறேன். காகிதத்தை ஏற்கெனவே நனைத்து அடுக்கிவிட்டேன்.