ஷட்டவுன் முடிஞ்சதும் ஹோம் ஃபோல்டர் காலியா?

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் பராமரிப்புன்னு ஒரு நாள் ஷட்டவுன் வந்தா, காலையில போற கரண்ட் சாயங்காலம்தான் வரும். அத்தனை நேரம் லேப் யூபிஎஸ் தாங்காதுங்க. ஆர்ஸ்டுடியோ சர்வரை (ஆர் மொழியில கணக்குப் போட, பிரவுசர்ல திறக்கற மென்பொருள்) டாக்கர்ல (மென்பொருளை கன்டெய்னர்ங்கற தனிப்பெட்டியில ஓட்டற கருவி) ஏத்துறது அரைமணி நேர வேலை. கரண்ட் போய் வந்தபிறகு அது எப்படி எந்திரிக்குதுங்கறதுதான் விஷயம்.

இமேஜுக்கு, அதாவது கன்டெய்னரை உருவாக்கற அச்சுக்கு, ராக்கர்ங்கற தயார் ஆர் இமேஜ் தொகுப்பு போதும். கரும்பு ரகச் சோதனையோட சிஎஸ்வி அலசறதுன்னா ராக்கர் ஆர்ஸ்டுடியோ, வரைபடம், ஷேப்ஃபைல்னு போனா ராக்கர் ஜியோஸ்பேஷியல். 'லேட்டஸ்ட்' டேக் வேண்டாம். 4.3.1 மாதிரி பழைய ஆர் பதிப்பு எண்ணை எடுத்தா கிரான் (ஆர் பேக்கேஜ் களஞ்சியம்) பேக்கேஜுகளும் அந்தக் காலத்துத் தேதியிலேயே நிக்கும். தீசிஸ் பாதியில இருக்கறப்ப கணக்கு மாறாது. கூடுதல் பேக்கேஜை டாக்கர்ஃபைல்ல (இமேஜ் செய்யற குறிப்பு ஃபைல்) எழுதிருங்க. உள்ளே போய் இன்ஸ்டால் பண்ணினது, கன்டெய்னரைப் புதுசா உருவாக்கினா காணாம போயிரும்.

போர்ட்டை 8787:8787னு திறக்காதீங்க. டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட நெட்வொர்க் விதிப் பட்டியல்) தானே விதி எழுதிக்கும், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுத்தாலும் கேக்காது. 127.0.0.1:8787:8787னு அந்த மெஷினுக்குள்ள மட்டும் கட்டி, முன்னாடி என்ஜின்எக்ஸ் (வர்ற கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பற வெப் சர்வர்) வைங்க. அதுல அப்லோடு வரம்பு இயல்பா 1 எம்பிதான். ஃபைல் ஏத்தறப்ப 413 வந்தா அதான் காரணம்.

கன்டெய்னருக்கு உள்ளே இருக்கற யூசரோட எண் 1000. வெளி ஃபோல்டர் 1001 பேர்ல இருந்தா எழுத விடாது. அதுக்குன்னு 777 (யார் வேணா எழுதலாம்ங்கற அனுமதி) போடறது வேலியவே பிடுங்கிப் போடற மாதிரி. கன்டெய்னரோட யூசர்ஐடி (USERID) சூழல் மாறிக்கு 1001 கொடுத்தா முடிஞ்சுது.

இப்ப ஷட்டவுனுக்கு வர்றேன். மாணவர் ஃபைலெல்லாம் ரெண்டாவது டிஸ்க்ல, எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எந்த டிஸ்கை எந்த ஃபோல்டர்ல இணைக்கணும், அதாவது மவுன்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) 'நோஃபெயில்'னு இருக்குன்னு வெச்சுக்குங்க. திடீர்னு நின்ன டிஸ்க் சோதனை முடிஞ்சு மவுன்ட் ஆக நேரம் எடுக்கும். நோஃபெயில்னா பூட் அதுக்காகக் காத்திருக்காது. டாக்கர் முந்திக்கிட்டு, மவுன்ட் ஆகாத வெறும் ஃபோல்டரையே கன்டெய்னருக்குக் கொடுத்துரும். லாகின் பண்ணினா ஹோம் காலி. அப்புறம் டிஸ்க் மவுன்ட் ஆனாலும் ஓடிட்டிருக்கற கன்டெய்னருக்கு அது தெரியாது. இதைவிட மோசம், இடையில சேவ் பண்ணினதெல்லாம் சிஸ்டம் டிஸ்க்ல விழுந்து, மவுன்ட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். டிஸ்கை அன்மவுன்ட் பண்ணினாத்தான் கண்ணுக்குப் படும்.

மருந்து ஒரே வரிங்க. டாக்கர் சர்வீஸை சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களைக் கிளப்பற மேலாளர்) வழியா எடிட் பண்ணி, யூனிட் பகுதியில 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' (RequiresMountsFor=) போட்டு டிஸ்கோட பாதையைக் கொடுங்க. டிஸ்க் வராம டாக்கர் கிளம்பாது.

சோதிக்கறப்ப எஃப்எஸ்டேப் வரியை அழிச்சுப் பாக்காதீங்க. வரி இல்லைன்னா காத்திருக்க மவுன்ட்டும் இல்லை, டாக்கர் ஜோரா ஓடும். மெஷினை அணைச்சு, டிஸ்க் கேபிளைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஒன்றரை நிமிஷம் காத்துப் பாத்துட்டு டாக்கர் ஃபெயில் ஆகணும்.