பார்க்கிங் கட்டணத்தில் ஓடும் டிராம்

உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாலை, மேம்பாலம், பஸ் நிலையம் ஆகியவற்றுக்கு நிதி கேட்டு மேலிடத்துக்குப் போகும் கருத்துருக்களைத் தயாரிப்பது என் பணி. பொருளாதார வளர்ச்சி வரும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியாக வேண்டும். யாருக்கு வரும், அதற்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்விகளை அரிதாகத்தான் யாராவது கேட்கிறார்கள். அவற்றை நேருக்கு நேர் சந்தித்த நகரம் என்று நான் மதிப்பது இங்கிலாந்தின் நாட்டிங்காமை.

ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தரும் நிறுவனங்களிடம் அந்த நகர மன்றம் 2012 ஏப்ரல் முதல் கட்டணம் வசூலிக்கிறது. 11 இடங்களோ அதற்கு மேலோ வைத்திருந்தால், ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். தொடக்கத்தில் அது 288 பவுண்டு. பத்து இடங்கள் வரை வைத்திருப்போருக்கு ஒன்றும் இல்லை. இப்படி வசூலிக்க வழிசெய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் முதலில் துணிந்தது இந்த நகரம்தான். வணிகர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மன்றம் பின்வாங்கவில்லை. டிராம் பாதையை நீட்டிக்க மத்திய அரசு பெரும் பங்கு தந்தது. நகரம் தர வேண்டிய பங்குக்கு இந்தக் கட்டணம் கைகொடுத்தது. கிளிஃப்டனுக்கும் பீஸ்டனுக்கும் 2015 ஆகஸ்டில் டிராம் ஓடத் தொடங்கியது. ரயில் நிலையச் சீரமைப்புக்கும் பஸ் சேவைகளுக்கும்கூட இந்தப் பணம் போனது.

2023 நவம்பரில் அந்த மன்றம் வரவு செலவைச் சமன்செய்ய முடியாமல் நிதி நெருக்கடியை அறிவித்தது. அந்த நிலையிலும் இந்த வருவாயை வேறு ஓட்டைகளை அடைக்க எடுக்க முடியாது. போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்பது சட்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

பிரான்ஸ் இன்னும் முன்னால் போனது. அங்கே நிறுவனங்கள் கொடுக்கும் ஊதியத் தொகையின்மீது போக்குவரத்துக்கென்றே ஒரு வரி உண்டு. 1971இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, 1973 முதல் மற்றப் பெருநகரங்களுக்கும் வந்தது. டிராமை ஒருமுறை கைவிட்டிருந்த நான்ட் நகரம், இந்த வரியின் துணையோடு 1985இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. அந்த வரியைக் கட்டுமானத்துக்கு மட்டுமல்லாமல் அன்றாட இயக்கத்துக்கும் செலவிடலாம்.

மானியங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இயக்கச் செலவில்தான். கட்டப் பணம் கிடைக்கும், ஓட்டப் பணம் கிடைக்காது. இங்கிலாந்திலேயே 2015 முதல் 2021 வரை உள்ளூர் வளர்ச்சி நிதி என்று 1,200 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். குறித்த காலத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்ற கெடுவோடு. கெடு வைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்: தேவையான திட்டம் பின்னுக்குப் போகும், தயாராக இருக்கும் திட்டம் முன்னுக்கு வரும். மார்ச் மாதக் கோப்புகளில் நான் பார்த்து வருத்தப்படுவது இதைத்தான்.

வளர்ச்சி தானாக வந்துவிடும் என்பதையும் நான் நம்புவதில்லை. பிரிட்டன் அரசுக்கு ஆலோசனைக் குழு ஒன்று 1999இல் தந்த அறிக்கை அதைத் தெளிவாகவே சொன்னது: நல்ல சாலை நலிந்த ஊருக்குள் வணிகத்தைக் கொண்டுவரலாம், அதே சாலை வழியாகப் பெரிய நகரத்து நிறுவனங்கள் உள்ளே வந்து, அந்த ஊரின் சந்தையை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த ஊர் எதை விற்கிறது, அங்கு என்ன திறன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் கருத்துருக்களில் மிச்சமாகும் பயண நிமிடங்களைப் பெருக்கிப் பணமாக்கி, அதற்கு வளர்ச்சி என்று பெயரிட்டுவிடுகிறோம்.

கட்டணம் விதித்தால் நிறுவனங்கள் ஊரைவிட்டே போய்விடும் என்று சக ஊழியர்கள் சொல்கிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நாட்டிங்காமில் பல நிறுவனங்கள் கட்டணத்தைத் தம் ஊழியர்கள்மேலேயே இறக்கிவைத்தன. பஸ் இல்லாத நேரத்தில் ஷிப்டு முடிப்பவருக்கு வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது; அவரும் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே எந்த ஊராக இருந்தாலும், அதிகாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் பஸ் விட்ட பிறகுதான் அந்தத் தடத்தில் முதல் ரசீது போட வேண்டும் என்று விதியிலேயே எழுதச் சொல்வேன்.