ஓரியூருக்கு ஒரு கேள்வியோடு போகும்போது

இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டத்தில் இருக்கும் ஓரியூருக்கு மன்றாட்டோடு வருகிறவர்கள் பலர். வேலை வேண்டும், பிள்ளை வேண்டும் என்று, இங்கே மறைசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தரிடம் (ஜான் டி பிரிட்டோ) கேட்பார்கள். ‘கிடைத்த இந்த வேலையை ஏற்கலாமா’, ‘இந்த வரனுக்குச் சம்மதிக்கலாமா’ என்ற கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு. அவர்களுக்குத்தான் இந்தத் திருத்தலம் நிறையக் கொடுக்கிறது.

காரணம் அருளானந்தரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1647-ல் லிஸ்பனில் பிறந்த அவர், 1673-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது பெற்ற தாயே தடுத்தார். திருத்தந்தையின் தூதர் வரை போய் முறையிட்டார். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு உள்ளானார். பிறகு தம் இயேசு சபையின் பணியாகப் போர்ச்சுகல் போனபோது, அங்கேயே தங்கிவிடும்படி மன்னர் இரண்டாம் பேத்ரு கேட்டார். அரண்மனையிலிருந்தும் கடவுளுக்கு ஊழியம் செய்திருக்கலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனாலும் 1690-ல் மதுரை மறைப்பணிக்காக இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

நன்மைக்கும் தீமைக்கும் நடுவே கடவுளிடம் வழி கேட்க வேண்டியதில்லை, கட்டளைகளே போதும். இரண்டு நன்மைகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் வழி தெரிய வேண்டும். அருளானந்தர் இயேசு சபைக் குரு. இதற்கான முறையைச் சபை நிறுவுநர் புனித இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சிகளில் கற்றவர். அதே முறையை அவருடைய மண்ணில் உட்கார்ந்து செய்யலாம். திருவிழா நாட்களைத் தவிர்த்து, ஓர் இரவு தங்கும்படி வந்தால் நல்லது. அலைபேசியை அணைத்துவிட்டு, ஒரு நோட்டும் திருவிவிலியமும் கையில் இருந்தால் போதும்.

முதல் நாள் மாலை ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெறுங்கள். பிறகு கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘என் எதிர்காலம் எப்படி இருக்கும்’ என்பது குறி கேட்பதாகிவிடும். ‘துபாய் வேலைக்குப் போவதா, ஊரிலேயே கடையைத் தொடர்வதா’ என்று எழுதினால்தான் ஜெபத்தில் பிடி கிடைக்கும். திருமணம், குருத்துவம் போல ஏற்கெனவே கடவுள் முன் வாக்குக் கொடுத்ததை மறுபடி கேள்வியாக்கக் கூடாது. அங்கே அந்த வாக்கை எப்படி நன்றாக வாழ்வது என்பதே கேள்வி.

அடுத்ததுதான் கடினம். தராசு முள்போல நடுவில் நிற்க வேண்டும். ‘ஆண்டவரே, எது உமக்கு மகிமையோ அது’ என்று உதடு சொல்லும். மனமோ துபாயில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் மேலே போகாதீர்கள். அந்தப் பற்று தளரும்வரை நற்கருணை முன் அதையே கேட்டுக்கொண்டிருங்கள். பலருடைய தேர்வு தவறுவது இந்த இடத்தில்தான்: முடிவை முன்பே எடுத்துவிட்டு, அதற்கு ஆண்டவரின் கையெழுத்தை மட்டும் கேட்கிறோம்.

காலையில் நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. கடைசி இரண்டையும் ‘அதேதானே’ என்று விட்டுவிடாதீர்கள். வயதான அப்பாவுக்குத் துணை, பிள்ளையின் படிப்பு எல்லாம் அங்கேதான் வெளிப்படும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது யாருக்காக என்று குறியுங்கள். ‘அந்தஸ்து’, ‘சொந்தக்காரர் பேச்சு’ போன்ற வரிகளுக்கு எடை போட வேண்டாம். பிறகு இஞ்ஞாசியார் சொல்லும் மூன்று காட்சிகள்: முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? தீர்ப்பு நாளில் எதை?

பீடத்தின் முன் சீட்டுக் குலுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள் என்பார்கள். அது விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம். தூய ஆவி இறங்கியது இரண்டாம் அதிகாரத்தில். அதன்பின் அந்த நூலில் திருத்தூதர்கள் சீட்டுப் போடவே இல்லை. கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைக்கும் வசனமும் அப்படித்தான். விரல் பட்ட இடத்தில் நமக்குப் பிடித்தது வரும்வரை திறந்துகொண்டே இருப்போம்.

முடிவு துலங்கியதும் அதைத் திருப்பலியில் காணிக்கையோடு வைத்து, உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். உடனே ராஜினாமா எழுத வேண்டாம். வீடு திரும்பியபின் சில வாரங்கள், தினமும் இரவில் கால்மணி நேரம் மனத்தைக் கவனியுங்கள். கடவுளுக்காக வாழ்கிற உள்ளத்தில் அவருடைய தூண்டுதல் பஞ்சில் இறங்கும் நீர்த்துளிபோல ஓசையின்றி இறங்கும். பகைவனான சாத்தானுடையது கல்லில் விழும் துளிபோலச் சிதறும் என்கிறார் இஞ்ஞாசியார். பயம் வேறு, கலக்கம் வேறு. பயத்துக்கு அடியிலும் அமைதி இருக்க முடியும். ஜெபம் வறண்டு, மனம் இருண்ட நாளில் முன்பு எடுத்த முடிவை மாற்றவே கூடாது. வெளிச்சமான நாளுக்குக் காத்திருந்து, அப்போதும் சந்தேகம் நின்றால் ஆன்ம குருவிடம் நோட்டை அப்படியே காட்டுங்கள். மனைவியோ கணவரோ அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்ததாக மக்கள் நம்பும் மண்ணை ஒரு சிட்டிகை நெற்றியில் பூசி, கொஞ்சம் தாளில் மடித்து எடுத்துச் செல்வது வழக்கம். வெயிலில் அது பொடிப்பொடியாக, கைரேகையில் செந்நிறமாய் ஒட்டும். அந்த மடிப்பை நான்கு பத்தி எழுதிய பக்கத்திலேயே வையுங்கள். இரவில் கால்மணி நேரம் உட்காரும்போது கைக்குத் தட்டுப்படும்.