ஸ்கூட்டர் வேலை: 60 வோல்ட் மோட்டாரும் 48 வோல்ட் கண்ட்ரோலரும்

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் அந்த ஹப் மோட்டாரை எடுத்தபோது ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. 1000 வாட் என்பது தெரிந்தது; வோல்ட் எழுதியிருந்த மூலையைக் காணோம். வீட்டில் எஞ்சின் கழற்றிக் கிடந்த ஸ்கூட்டருக்கு 10 இன்ச் சக்கரம் பொருந்தும் என்று வாங்கி வந்தேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கரண்ட்டை அளந்து விடும் கண்ட்ரோலர் 48 வோல்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கைத் தொடராகக் கோத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஓடியது, ஆனால் சுறுசுறுப்பு இல்லை. சக்கரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணினேன். 10 விநாடிக்கு 85 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 510. அப்போது மீட்டரில் 51 வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு 10 சுற்று! ஸ்டிக்கரில் போன எண் இப்படித்தான் திரும்பக் கிடைத்தது. இதே அளவில் 60 வோல்ட்டுக்கு 600 சுற்று வரும். 60 வோல்ட் ஸ்கூட்டர் மோட்டாருக்கு அது பொருத்தமான வேகம்.

அங்கேதான் அவசரப்பட்டேன். ஐந்தாவதாக ஒரு பேட்டரியைச் சேர்த்தேன். மோட்டார் தாங்கும் என்பது சரிதான். நடுவில் கண்ட்ரோலர் இருப்பதை யோசிக்கவில்லை. சார்ஜ் முடிந்து ஓய்ந்த ஐந்து பேட்டரியும் சேர்ந்து 64 வோல்ட் காட்டியது. சக்கரம் 10 விநாடிக்கு 107 சுற்று சுற்றியது, சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது நாள் கிளம்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசம், வண்டி நின்றுவிட்டது.

கண்ட்ரோலரைத் திறந்தேன். உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பி, வெட்டுக்கோடு பிளந்திருந்தது. அதன் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அது தாங்கும் அளவு: 63 வோல்ட். பக்கத்தில் இருந்த, மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்கள் 75 வோல்ட் வகை. மாஸ்ஃபெட் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வோல்ட் ஒரு கணம் எகிறும். அந்த எகிறலுக்கு இடமே வைக்காமல் 64 கொடுத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து அந்த எண்ணை முன்பே படித்திருந்தால் போதும்.

லேத் பட்டறை அண்ணன் மோட்டார் அச்சு சுற்றிவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் வெட்டிக் கொடுக்கும்போது கேட்டார்: "புல் சார்ஜுல எவ்வளவு, காலியாகும்போது எவ்வளவுன்னு பாத்தீங்களா தம்பி?" அதற்கப்புறம் பெயரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த இரண்டு எண்களையே எல்லாவற்றுக்கும் எழுதிவைக்க ஆரம்பித்தேன்.

புதிதாக எடுத்தது 60 வோல்ட் கண்ட்ரோலர். உள்ளே கெபாசிட்டர் 100 வோல்ட். குறைந்த வோல்ட்டில் நிறுத்தும் அளவு 52.5 என்று மேலேயே அச்சாகியிருக்கிறது. ஐந்து லெட் ஆசிட் பேட்டரிக்கு, ஒன்றுக்கு 10.5 என்று வைத்த கணக்கு அது. லித்தியத்துக்கு மாறும்போது இந்த எண்தான் செல் எண்ணிக்கையை முடிவு செய்தது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 20 செல் போட்டால் முழு சார்ஜில் 73 வோல்ட். 52.5-இல் ஒரு செல்லுக்கு 2.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அந்த வகை செல்லுக்கு 2.5 அடிமட்டம் என்பதால் பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் வெட்டுவதற்கு முன் கண்ட்ரோலரே நிறுத்திவிடும். அதே 20 செல்லை வேறு வகை லித்தியத்தில் போட்டிருந்தால் 84 வோல்ட்டுக்குப் போயிருக்கும்.

ஆம்பியரையும் பார்க்க வேண்டியிருந்தது. கண்ட்ரோலர் 28 ஆம்பியர் வரை இழுக்கும், பி.எம்.எஸ். 40 தரும். புதிய லித்தியம் பேட்டரி 30 ஆம்பியர் அவர், அதாவது 30 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் கொள்ளளவு. நான்கு லெட் ஆசிட் ஏறக்குறைய 35 கிலோ. இது அதில் பாதிக்கும் குறைவு. ஸ்டாண்ட் போடும்போதே கைக்குத் தெரிகிறது.

ஹெட்லைட்டுக்காக வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டரை நல்லவேளை இணைக்கும் முன்பே பார்த்தேன்: 60 வோல்ட் வரைதான். 90 வரை தாங்குவது ஒன்று மாற்றினேன். வீட்டு மீட்டர் பெட்டியில் இருப்பது போன்ற கரண்ட் மிஞ்சினால் வெட்டும் ஏ.சி. எம்.சி.பி.யையும் எடுத்துவிட்டேன். பேட்டரியின் டி.சி.யில், வெட்டும்போது வரும் பொறி தானாக அணையாது. அதற்கென்று உள்ளதையே போட வேண்டும். சார்ஜரும் 73 வோல்ட்டில் நிற்கும் புதியது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து லேஅவுட்டின் காலி மண் ரோட்டில் 12 கிலோமீட்டர் ஓட்டினேன். பதிவு இல்லாத வண்டி என்பதால் மெயின் ரோட்டுக்கு எடுப்பதில்லை. 6 ஆம்பியர் அவர் செலவாகியிருந்தது. கிலோமீட்டருக்கு 32 வாட் அவர். மேட்டில் பழைய பேட்டரி 51-இலிருந்து 46-க்கு விழும். இது 66-இலிருந்து 64-க்கு இறங்கியதோடு சரி. ஏறி முடித்ததும் மோட்டார் மூடியில் கை வைத்தேன், வைத்திருக்க முடிந்தது.

பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் ரீஜென் வசதியும் இந்தக் கண்ட்ரோலரில் இருக்கிறது. இன்னும் இணைக்கவில்லை. பேட்டரி முழுதாக இருக்கும்போது பி.எம்.எஸ். வாங்க மறுத்தால் அந்த வோல்ட் கண்ட்ரோலருக்குள்ளேயே ஏறும். 90 சதவீத சார்ஜில் நிறுத்தி, மீட்டரைக் கட்டிவைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அதுவரை அந்த வயர் முனை டேப் சுற்றிக் கிடக்கிறது.