நேர்மையானவர்களின் நாடு

இன்று முழுக்க மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோ நினைப்புதான். 1960-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் அப்பர் வோல்டா. ஆற்றை வைத்து வெள்ளைக்காரன் இட்ட பெயர். 1983-இல் ஆட்சிக்கு வந்த தாமஸ் சங்காராவுக்கு வயது 33. அடுத்த ஆண்டே பெயரை மாற்றினார். 'புர்கினா' மோரே மொழிச் சொல், 'ஃபாசோ' ஜூலா மொழிச் சொல்; இரண்டும் சேர்ந்தால் 'நேர்மையானவர்களின் நாடு'. நாட்டின் பெயரிலேயே இரண்டு மொழிக்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்த அந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அரசாங்கத்தின் பென்ஸ் கார்களை விற்றுவிட்டு அமைச்சர்களைச் சின்ன ரெனோ 5 காரில் போகச் சொன்னார். அரசு ஊழியர்களை உள்ளூர்த் தறித் துணி உடுத்தச் சொன்னார். சரி, குறையே இல்லையா? இருந்தது. வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு நீக்கினார். அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1987 அக்டோபர் 15 அன்று அவரையும் கூட இருந்த 12 பேரையும் சுட்டுக் கொன்றார்கள். நெருங்கிய நண்பர் பிளேஸ் கம்பவோரே நாற்காலியில் ஏறி 27 ஆண்டு இறங்கவில்லை. 2014-இல் மக்கள் நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்த பிறகுதான் நாட்டைவிட்டு ஓடினார். அந்தக் கொலைக்கு அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்க 2022 ஆனது. அப்போதும் அவர் ஓடிப்போன பக்கத்து நாடான ஐவரி கோஸ்டில்தான் இருந்தார்.